வெறுமை என்ற செல்லாக் காசு

சென்ற மாதம் ஒரு நண்பரின் மொட்டை மாடியில் கவிதை வாசிப்பு நடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லாரும் எழுதுகிறவர்கள், அதாவது ஒருவரையொருவர் வாசித்துக்கொள்கிறவர்கள். இளம் கவிஞர் ஒருவர் தம் புதிய கவிதைகளைப் படித்தார். நான்காவது கவிதையில் 'வெறுமை' என்ற சொல் மறுபடி வந்தபோது எண்ண ஆரம்பித்தேன். தொழில் தோஷம். ஏழாவது கவிதையில் எண்ணுவதை விட்டுவிட்டேன். வாசிப்பு முடிந்ததும் வழக்கமான மௌனம் நிலவியது. அந்த மௌனத்தையும் நாங்கள் கவிதையின் வெற்றியாகவே வரவு வைத்துக்கொள்வோம். நான் கேட்டேன்: "எது காலியாக இருக்கிறது?" அவர், "எல்லாமும்தான்" என்றார். "எது இல்லாமல் காலியாக இருக்கிறது?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "நீங்கள் பாங்க்கில் வேலை பார்க்கிறவர், கணக்குக் கேட்கிறீர்கள்" என்றார். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது அவர் சொன்னது முழு உண்மை என்று பட்டது. நான் கேட்டது கணக்குத்தான். ஆனால் கவிதையிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்று யார் விதித்தது? கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதினான்கு வருஷமாக நான் பார்த்துவருவது பெரும்பாலும் இல்லாமையைத்தான். பாக்கி இல்லை, கையெழுத்து இல்லை, தேதி இல்லை, வாரிசு இல்லை. ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு ஃபாரம் உண்டு. ஒன்றின் ஃபாரத்தை இன்னொன்றுக்குக் கொடுத்தால் மானேஜர் திருப்பி அனுப்பிவிடுவார். நம் கவிதையில் அப்படித் திருப்பி அனுப்ப ஆளில்லை. எல்லா இல்லைக்கும் ஒரே ரப்பர் ஸ்டாம்ப்: வெறுமை.

இந்தச் சொல் தமிழ்ச் சொல்தான். ஆனால் இன்று நம் கவிதைகளில் அது சுமந்து திரிகிற அர்த்தம் தமிழிலிருந்து வந்ததில்லை. பேச்சில் நாம் 'வெறுமை' என்று சொல்வதே அபூர்வம். 'வெறும்' என்றுதான் சொல்கிறோம். வெறுஞ்சோறு என்றால் சோறு இருக்கிறது, குழம்பு இல்லை. வெறுந்தரை என்றால் தரை இருக்கிறது, பாய் இல்லை. வெறுங்கையோடு வந்தான் என்றால் கை இருக்கிறது, பழம் பலகாரம் இல்லை. கோர்ட்டில் வெறுங்காவல் என்று தீர்ப்பானால் ஜெயில் நிச்சயம் இருக்கிறது, கடின உழைப்பு மட்டும் இல்லை. 'வெறும்' என்பது மகா கறாரான கணக்குப்பிள்ளை. இருப்பு இன்னது, பற்று இன்னது என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. நாம் செய்தது என்னவென்றால், அதன் பின்னால் நின்ற சோற்றையும் தரையையும் கையையும் வெட்டிவிட்டு, 'மை' ஒட்டி, பீடத்தில் தூக்கி வைத்துவிட்டோம். பண்புப்பெயரானதும் அதற்குப் பொறுப்பு போய்விட்டது. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கினோம் என்றே வைத்துக்கொள்வோம். கடன் வாங்குவதில் எனக்கு ஆட்சேபமில்லை. நான் பிழைப்பதே அதில்தான். ஒழுங்காக வாங்கினோமா என்பதுதான் என் கேள்வி.

'எம்ப்ட்டி' என்பது ஆங்கிலத்தில் ஒரு சமையலறைச் சொல். டம்ளர் எம்ப்ட்டி, வயிறு எம்ப்ட்டி, பெட்ரோல் டாங்க் எம்ப்ட்டி. பன்மை விகுதி சேர்த்துப் பெயர்ச்சொல்லாக்கினால் காலி பாட்டில்கள் என்று அர்த்தம். அதுவே வினைச்சொல்லாகவும் வரும். குப்பைத் தொட்டியை எம்ப்ட்டி செய்கிறார்கள். கையால் செய்கிற காரியம் அது. அதன் பூர்வோத்தரம் இன்னும் சுவாரஸ்யமானது. பழைய ஆங்கிலத்தில் அது ஓய்வு என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. 'எம்ப்ட்டி'யாக இருக்கிறவன் என்றால் அன்றைக்கு வேலை முடிந்து சும்மா இருக்கிறவன். கல்யாணமாகாதவன் என்ற பொருளும் இருந்திருக்கிறது. நடுவில் இருக்கிற 'ப்' பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட ஒலி. பாத்திரமும் வீடும் காலியாக இருப்பதைச் சொல்வதற்கு முன்பே மனிதனின் கைக்கும் பொழுதுக்குமாக இருந்த சொல் அது.

இதைப் படித்த அன்று எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்டது. "அந்த ஏனத்தை ஒழிச்சுப் போடு, தேய்க்கணும்." "கை ஒழியலைடா, அப்புறம் வரேன்." பாத்திரத்தைக் காலி செய்வதும் ஒழிப்பது, கைக்கு ஓய்வு கிடைப்பதும் ஒழிவது. ஓய்ச்சல் ஒழிச்சல் என்று சேர்த்தே சொல்கிறோம். குடக்கூலிக்காரன் வீட்டை ஒழித்துக் கொடுக்கிறான். ஆங்கிலத்தின் அன்றாடச் சொல்லுக்கு, அதன் இரண்டு அர்த்தங்களோடும் பொருந்துகிற ஒரு அன்றாடச் சொல் நம் புழக்கடையில் கிடந்திருக்கிறது. பி.ஏ. ஆங்கில இலக்கியம் படித்த என்னைப் போன்றவர்கள் அதைத் தாண்டிப் போய் அகராதியைப் புரட்டி 'வெறுமை'யையும் 'சூன்ய'த்தையும் எடுத்துவந்தோம். காரணம் எளிது. புழக்கடைச் சொல்லுக்குத் தத்துவ வாசனை கிடையாது.

ஆங்கிலமாவது எல்லாவற்றையும் ஒரே சொல்லில் போட்டதா என்றால் அதுவும் இல்லை. பாத்திரத்துக்கு எம்ப்ட்டி. எழுதாத தாளுக்கு ப்ளாங்க். ஆளில்லாத நாற்காலிக்கு வேகன்ட். உள்ளே உளுத்துப்போனதற்கு ஹாலோ. சட்டப்படி செல்லாததற்கு வாய்ட். பண்டத்துக்கு ஏற்ற மாதிரி இல்லாமையும் மாறுகிறது. இந்த ஐந்தையும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே கோணிப்பையில் கட்டி 'வெறுமை' என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தான். எலியட் 1925இல் எழுதிய 'தி ஹாலோ மென்' கவிதையைக் கல்லூரி நாளில் 'வெற்று மனிதர்கள்' என்று மொழிபெயர்த்து நோட்டில் வைத்திருந்தேன். சுத்த அபத்தம். அந்த மனிதர்கள் காலியானவர்களே அல்ல. உள்ளே வைக்கோல் திணித்திருக்கிறது. கொளுத்துவதற்கென்று வருஷாவருஷம் இங்கிலாந்தில் பிள்ளைகள் செய்கிற பொம்மையின் ஞாபகம் அதில் இருக்கிறது. உளுத்த உத்திரத்தை ஆசாரி விரலால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பாரே, அந்த மாதிரித் தட்டினால் தெரிகிற குறை அது. சாவி, பதர், கருக்காய் என்று வயலில் மூன்று சொல் வைத்திருக்கிறவர்கள் நம்மவர்கள். நெல்லின் உருவம் இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. இந்த மூன்றில் எதுவும் எனக்கு அன்று தோன்றவில்லை.

இனி என் தொழிலுக்கு வருகிறேன்.

ப்ளாங்க் என்பது வெள்ளை என்ற பொருளிலிருந்து வந்தது. எழுதாத இடம். பாங்க்கில் நாங்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். செக்கில் 'ரூபாய் ஐந்நூறு மட்டும்' என்று எழுதியபின் மிச்சமிருக்கும் இடத்தில் கோடு இழுக்கச் சொல்வது எதற்காக? அது சும்மா இருக்கும் இடமல்ல, யாராவது வந்து எழுதுவதற்குத் தயாராக இருக்கும் இடம். கையெழுத்துப் போட்ட முத்திரைத் தாளை நிரப்பாமல் ஒருவன் இன்னொருவனிடம் கொடுத்தால், நிரப்பிக்கொள்ள அதிகாரம் கொடுத்ததாகவே முதல் பார்வையில் கொள்ளப்படும் என்று 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. லண்டனில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு கம்பெனியின் குமாஸ்தா சில்லறைச் செலவுக்கென்று 2 பவுனுக்கு ஒரு செக் எழுதி, அவசரத்தில் இருந்த முதலாளியிடம் கையெழுத்து வாங்கினான். எழுத்தால் தொகை எழுதும் இடம் காலி. எண்ணுக்கு முன்னும் பின்னும் இடம். பிறகு அவன் முன்னால் ஒரு 1, பின்னால் ஒரு 0 போட்டான். 2 பவுன் 120 பவுனாயிற்று. பணத்தோடு ஆள் மறைந்தான். 1918இல் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது: இடம் விட்டுக் கையெழுத்துப் போட்டவருக்கே நஷ்டம், பாங்க்குக்கு அல்ல.

இந்த வழக்கை முதலில் படித்தபோது ஒரு தொழில் செய்தியாகத்தான் படித்தேன். இப்போது அது தமிழ் விமர்சனத்தின் கதையாகத் தோன்றுகிறது. கவிஞர் 'வெறுமை' என்று எழுதி, முன்னும் பின்னும் தாராளமாக இடம் விட்டுக் கையெழுத்துப் போடுகிறார். விமர்சகன் என்கிற குமாஸ்தா வருகிறான். முன்னால் ஒரு சார்த்தர், பின்னால் ஒரு நாகார்ஜுனர். 2 பவுன் கவிதை 120 பவுன் ஆகிவிடுகிறது. நண்பர் ஒருவரின் தொகுப்புக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நான் எழுதிய பின்னுரை இந்த ரகம்தான். கவிதையில் இருந்தது ஒரு சொல். நான் எழுதியது ஏழு பக்கம். அவருக்குச் சந்தோஷம், எனக்குப் பெயர். நஷ்டம் யாருக்கு என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பின்னுரையை நம்பி யாராவது அந்தச் சொல்லைத் தம் கவிதையில் எடுத்தாண்டிருந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

சார்த்தரையும் நாகார்ஜுனரையும் நாங்கள் படித்த லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். 1943இல் வந்த 'இருத்தலும் இன்மையும்' நூலில் சார்த்தர் ஒரு காப்பிக் கடைக்குப் போகிறார். பியேர் என்ற நண்பனைச் சந்திக்க வேண்டும். கடை நிறைய ஆட்கள், மேஜைகள், புகை, பேச்சு. பியேர் இல்லை. அவனைத் தேடுவதால்தான் அந்த இல்லாமை அங்கே வந்து உட்காருகிறது. அந்த நேரத்தில் கடையில் இல்லாதவர்கள் உலகத்தில் கோடி பேர் இருந்தும் அவர்களால் அங்கே எந்த இன்மையும் ஏற்படவில்லை. நம் கவிஞர்கள் இன்மையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பியேரைக் காப்பிக் கடையிலேயே விட்டுவிட்டார்கள்.

நாகார்ஜுனர் இன்னும் கறாரானவர். எல்லாம் சூன்யம் என்று அவர் சொல்லும்போதே எது இல்லாமல் சூன்யம் என்பதையும் சொல்லிவிடுகிறார்: தனக்கென்று தானாக நிற்கும் சுபாவம் இல்லாமல். சூன்யத்தையே ஒரு கொள்கையாகப் பிடித்துக்கொள்கிறவர்களுக்கு வைத்தியம் கிடையாது என்றும் அவரே எச்சரிக்கிறார். அதற்கு உரையெழுதிய சந்திரகீர்த்தி தரும் உதாரணத்தில், விற்க ஒன்றுமில்லை என்று சொன்னவனிடம் ஒருவன் அந்த 'ஒன்றுமில்லை'யையே கொடு என்று கேட்கிறான். மொட்டை மாடியில் நாங்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டிருப்பது இந்தச் சரக்குத்தான்.

பள்ளிக்கூடக் கணக்கில் வெற்றுக் கணம் என்று படித்திருப்பீர்கள். உறுப்பே இல்லாத கணம். அது ஒன்றே ஒன்றுதான் உண்டு. யானைகளில்லாத கணமும் பூனைகளில்லாத கணமும் கணிதத்துக்கு ஒன்றே. கணிதத்தின் அழகு அது. ஆனால் பிள்ளை செத்த வீடும் குடக்கூலிக்காரன் போன வீடும் கவிதைக்கு ஒன்றாகிவிட்டால் அப்புறம் கவிதை எதற்கு? 'வீடெங்கும் வெறுமை' என்ற வரி இரண்டுக்கும் பொருந்துகிறது. பொருந்துவதுதான் அதன் குற்றம்.

ஐந்து சொற்களில் வாய்ட் என்பதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். தத்துவ ருசி உள்ள நண்பர்களுக்கு மிகவும் பிடித்த சொல் அது. 'மகா சூன்யம்' என்று மொழிபெயர்ப்பார்கள். என் மேஜையில் அதற்கு ஒரே அர்த்தம்: செல்லாது. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. சட்டத்தால் நிறைவேற்ற முடியாத உடன்படிக்கை செல்லாத உடன்படிக்கை. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி 500 ரூபாய், 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஒரு நாள் விட்டு 10ஆம் தேதி நாங்கள் கதவைத் திறந்தபோது வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. ஒரு கிழவி முந்தானையிலிருந்து ஒன்பது ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து வைத்தாள். மஞ்சள்தூள் வாசனை. ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காந்தி இருந்தார், நம்பர் இருந்தது, கவர்னர் கையெழுத்து இருந்தது, உள்ளே வெள்ளிக் கோடு இருந்தது. எதுவும் குறையவில்லை. "எல்லாம் சரியாத்தானே இருக்கு, தம்பி?" என்று கேட்டாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, செல்லாது என்பது தவிர. அவள் புருஷனுக்குத் தெரியாமல் சேர்த்த பணம். கணக்கில் போட்டால் அவன் பாஸ் புத்தகத்தைப் பார்த்துவிடுவான் என்பதுதான் அவள் பயம். பணம் போகவில்லை, ரகசியம் போய்விட்டது.

அன்றைக்கு எனக்கு அந்த ஆங்கிலச் சொல் புரிந்தது. எல்லாம் இருந்தும் ஓட்டம் நின்றுபோன நிலை அது. 'செல்லாது' என்பதில் 'செல்' இருக்கிறது பாருங்கள்; போகிற காரியம் நின்றுவிட்டது என்று அர்த்தம். 'செல்லாக் காசு' என்று எத்தனையோ தலைமுறையாகச் சொல்லிவரும் மொழியில் உட்கார்ந்துகொண்டு, மகா சூன்யம் என்று எழுதுகிறோம். அந்தக் கிழவியின் ஒன்பது நோட்டுகளைப் பற்றி நானும் ஒரு வரி எழுதியதில்லை. அந்த வருஷம் நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்று நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். நகரத்தின் வெறுமை.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். அனுபவம் சில சமயம் பெயரற்றது, காரணமற்றது. சும்மா ஒரு பிற்பகலில் வந்து கவிகிறது. அதைப் பண்டத்தோடும் பாத்திரத்தோடும் கட்டிப்போடுவது யதார்த்தவாதக் குமாஸ்தாத்தனம். இருக்கலாம். அந்தப் பிற்பகல் எனக்கும் வருவதுண்டு. ஆனால் வெட்டவெளி என்று பாடிய சித்தர்களுக்கு அங்கே போய்ச் சேருவதற்கு முன் ஒழிக்க வேண்டியது என்ன என்பதில் சந்தேகமே இருக்கவில்லை: சாதி, கல், செப்பு, சடங்கு, உடம்பின் கர்வம். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒழித்தார்கள். குறளின் நல்குரவு அதிகாரத்தில் இன்மை என்றால் வறுமை, சோறில்லாத இன்மை. நாம் எதையும் ஒழிக்கவில்லை, எதையும் இழக்கவுமில்லை. மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு நேராக வெளியில் போய் நின்றுவிட்டோம்.

இவ்வளவும் அடுத்தவர்களைப் பற்றி. இப்போது என் கணக்கு.

அப்பா ஆறு வருஷத்துக்கு முன்னால் இறந்தார். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதம் கழித்து நான் ஒரு கவிதை எழுதினேன். சாய்வு நாற்காலி, ஜன்னல், வெறுமை. ஒரு சிற்றேட்டில் வந்தது. இதைப் படிக்கிறவர்களில் இரண்டு மூன்று பேர் அதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

அந்தக் கவிதையில் இல்லாதது இது. அப்பாவுக்கு வேறொரு பாங்க்கில் சேமிப்புக் கணக்கு இருந்தது. காரியமெல்லாம் முடிந்து அங்கே போனபோது வாரிசு நியமனப் பத்தி காலி என்றார்கள். நாமினி பெயர் எழுதவில்லை. அம்மா தாலுகா ஆபீசுக்கும் பாங்க்குக்குமாக வாரிசுச் சான்றிதழுக்கு நடந்தாள். வருகிறவர்கள் எல்லாருக்கும் அந்தப் பத்தியை நிரப்பச் சொல்லி, பேனாவும் கொடுத்து, எங்கே எழுத வேண்டும் என்று விரலால் காட்டுகிறவன் நான். என் அப்பாவின் ஃபாரத்தைப் பார்த்ததில்லை. "ஏம்மா எழுதாம விட்டார்?" என்று கேட்டேன். அம்மா என்னைத் திட்டவில்லை. "நீ வந்து எழுதித் தருவேன்னுதான் வெச்சிருந்தார்டா. ஃபாரத்தைக்கூட அலமாரியில எடுத்து வெச்சிருந்தார். நீ வரபோதெல்லாம் புஸ்தகமும் கையுமா இருந்தே" என்றாள்.

அது ப்ளாங்க். எம்ப்ட்டி அல்ல, வாய்ட் அல்ல. ஒரு குறிப்பிட்ட ஆள் வந்து எழுத வேண்டும் என்று விட்டுவைத்த இடம். அந்த ஆள் நான். அதை எழுதத் தைரியமில்லாமல், சாய்வு நாற்காலியைக் காட்டி 'வெறுமை' என்று எழுதினேன். பாராட்டும் வாங்கினேன். நான் கொடுக்க வேண்டிய கடனை இல்லாமையாக மாற்றிக் காட்ட அந்தச் சொல் எனக்கு உதவியது. மற்றவர்களுக்கும் இந்த மாதிரி ஏதாவது உதவியைத்தான் செய்துகொண்டிருக்கிறதோ என்பது என் சந்தேகம். அதனால்தான் அந்த இளைஞரிடம் கேட்டேன். அவருடைய கவிதை மோசம் என்பதற்காக அல்ல.

எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்தால் அம்மா 'இல்லை' என்று சொல்லமாட்டாள். டப்பாவைத் திறந்து பார்த்து, மூடி, "அரிசி வாங்கணும்" என்பாள். இல்லாமையை அவள் ஒரு வேலையாகவே சொல்வாள். அவள் கவிதை படித்தவளில்லை.

ஒரு சொல்லைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்த அதிகாரமும் கிடையாது. அடுத்த வாசிப்பிலும் அதே கேள்வியைத்தான் கேட்கப் போகிறேன்: எது காலி, எது இல்லாமல் காலி? பதில் கவிதையிலேயே இருந்தால் கேட்க வேண்டியிராது. என் கவிதையில் அந்தச் சொல்லின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுவிட்டேன். அந்த இடத்தில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். இன்னும் எழுதவில்லை.